ஓட்டிப் பார்க்கப் போனவர்

மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு என்று விளம்பரம் போட்ட மூன்றாம் நாள் கஜலட்சுமி வீட்டு கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினாள்.

குண்டசாலையில், பிரதான வீதியிலிருந்து கிளைத்து ஏறும் ஒழுங்கையின் முடிவில் இருந்தது அந்த வீடு. இருபத்திரண்டு வருடமாக அதற்கு ஒரு பூட்டே போதுமாக இருந்தது. கஜலட்சுமி கண்டி மாநகர சபையில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். கணவர் இறந்து இரண்டு வருடம். ஒரே மகள் சஞ்சீவனி கொழும்பில் வேலை. வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். அதுவரை அது அவளுக்குப் பயமாக இருந்ததில்லை. அவளுடைய பயம் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டின் மேல்தான். போன நவம்பர் மழையில் அந்த மேடு ஒரு பக்கம் பிளந்து, சமைக்கும் குசினிச் சுவர் வரை சேறு வந்து நின்றது. பார்க்க வந்த அதிகாரிகள், அடுத்த பெருமழைக்கு முன் தாங்குசுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கூரைத் தகரத்தில் நாலு துளி விழுந்தாலும் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

சுவர் கட்ட அவளிடம் விற்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது கணவர் பொன்னுத்துரை விட்டுப் போன மோட்டார் சைக்கிள்.

பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பட்டறையில் வேலை செய்தவர். கண்டிக் கடைச் சிப்பந்தி ஒருவரின் மகளான கஜலட்சுமியை அவர் கட்டப்போகிறார் என்றதும் இரண்டு வீட்டிலும் யாரும் கல்யாணத்துக்கு வரவில்லை. புசல்லாவைப் பக்கத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, நாலு உரப்பைகளில் துண்டு துண்டாகக் கிடந்த இந்த வண்டியை அவர் கொண்டு வந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தெட்டில் இங்கிலாந்தில் செய்த வெலோசெட். கறுப்புப் பெற்றோல் தாங்கி, அதில் பொன் கோடு. பந்தயத்துக்கென்றே செய்ததால் விளக்கு இல்லை, ஹோர்ன் இல்லை, காலால் உதைத்துக் கிளப்பும் மிதியும் இல்லை. தள்ளிக்கொண்டு ஓடித்தான் கிளப்ப வேண்டும். உலகம் முழுவதற்கும் சில நூறுதான் செய்தார்கள் என்று அவர் சொல்வார். அதைப் பொருத்தி முடிக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. டோர்ச் பிடித்ததும், ஆணிகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்ததும், வால்வ் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து சொன்னதும் கஜலட்சுமி. அந்த வண்டியில் அவள் கைபடாத இடம் கிடையாது. ஆனால் அவர் அதைக் கிளப்பி ஒழுங்கையில் இறக்கும்போது மட்டும் குசினிக்குள் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள்.

ஒருநாள் அவர் ஒழுங்கையில் ஐந்தாறு தடவை ஏறி இறங்கிவிட்டு, கடைசித் தடவை நிறுத்த முடியாமல் பக்கத்து வீட்டுச் செம்பருத்தி வேலிக்குள் போய் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு எழும்பி வந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன் பிரேக் சரிவரேல்ல. சக்கர ஹப்பில இருந்து கிறீஸ் கசிஞ்சு பிரேக் லைனிங்கில ஊறுது. குளிர்ந்திருக்கேக்க நல்லாப் பிடிக்கும், சூடேறினா வழுக்கும். நான் இல்லாத நேரம் இதை ஒருத்தருக்கும் ஓடக் குடுத்திடாதையும்."

இங்கிலாந்திலிருந்து புதிய லைனிங் எடுப்பிக்க எண்ணியிருந்தார். அதற்குள் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸிலேயே மாரடைத்து இறந்துபோனார்.

விளம்பரத்தை இணையத்தில் போட்டது சஞ்சீவனி. அன்று மாலையே போன் அடிக்கத் தொடங்கியது. வெளிநாட்டு இலக்கங்களிலிருந்து யார் யாரோ எழுதினார்கள். ஒருவன் விலையே கேட்கவில்லை. "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டான். அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் ஹெல்மெட் கழற்றாத இரண்டு பேர் கேட்டுக்கு வெளியே நின்று கராஜ் கதவைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பதிவு இல்லாத வண்டி வைத்திருப்பது குற்றம், பொலிஸில் சொல்வேன் என்று ஒருவன் மிரட்டினான். அவள் கராஜுக்குள் கட்டில் போட்டுப் படுத்தாள். படுத்தாலும் நித்திரை வரவில்லை. கேட் பக்கம் சருகு அசைந்தாலும், பின்மேட்டில் கல் உருண்டாலும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டரைக்கு ஹில்மி வந்தான்.

முப்பத்தைந்து வயதிருக்கும். அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை. கூடவே தன் வாப்பாவையும் அழைத்து வந்திருந்தான். வெள்ளைச் சாரம், தொப்பி, மெலிந்த உடம்பு. பெயர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் என்றும், ஞாபகம் குறைந்துவிட்டதால் வீட்டில் தனியே விட முடியாது என்றும் ஹில்மி சொன்னான். அவர்களைக் காரில் கொண்டுவந்து விட்ட கூட்டாளி உடனே திரும்பிப் போய்விட்டான்.

கராஜ் கதவைத் திறந்ததும் ஹில்மி வாசலிலேயே நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிட்டப் போய், தாங்கியை உள்ளங்கையால் தொட்டான்.

"அக்கா, இத நான் படத்துல மட்டுந்தான் கண்டீக்கேன். இந்த ஊர்ல ஒண்டு இப்பிடி உசிரோட ஈக்கும்னு நெனக்கவே இல்ல."

அவன் விலை பேசவும் இல்லை, குறை தேடவும் இல்லை. அவள் கேட்ட தொகைக்குச் சரி என்றான். பிறகு, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான்.

கஜலட்சுமி வலது காலில் கியர், இடது காலில் பின் பிரேக், இந்தக் கால வண்டிக்கு நேர்மாறு என்று காட்டிக் கொடுத்தாள். அவன் முன் பிரேக் பிடியை அழுத்தி, வண்டியைத் தள்ளிப் பார்த்தான். சக்கரம் அசையவில்லை.

"பிரேக் எல்லாம் சரிதானே அக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். பின்மேட்டில் பிளந்து கிடந்த செம்மண் கராஜ் யன்னல் வழியே தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் இவனும் போய்விடுவான், மறுபடி அந்தக் குரல்கள்தான் வரும் என்று தோன்றியது.

"அவரு எல்லாம் பாத்துச் செஞ்சு வச்சிருக்காரு தம்பி" என்றாள். "ஒழுங்கையோட திரும்பி வந்துருங்க. மெயின் ரோட்டுக்குப் போகாதீங்க."

"பத்து நிமிசம் அக்கா. வாப்பா இங்க இரிக்கட்டும்."

போன் விழுந்துவிடும் என்று அதை வாப்பாவின் சட்டைப் பைக்குள் போட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிக் குதித்து ஏறினான். ஒழுங்கை முழுக்க அதிர்ந்தது. சத்தம் இறங்கி, வளைந்து, பிரதான வீதியில் திகன பக்கம் திரும்பியது. அவள் காதைப் பொத்தவில்லை. கேட்கும் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பத்து நிமிடம் இருபதானது. கஜலட்சுமி ஹாஜியாருக்குப் பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "இது யாருட வீடு?" என்று கேட்டார்.

"என் வீடு ஹாஜியார். உங்க மகன் ஹில்மி இப்ப வந்துருவாரு."

"ஹில்மியா? அது யாரு?"

அவள் கோப்பைத் தட்டை மேசையில் வைத்தாள். "உங்க மகன். உங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாரே."

"எனக்கு அப்பிடி மகன் இல்லியே" என்றார் அவர், மிகவும் மரியாதையாக. "கடையப் பூட்டணும். நான் போகணும்."

நாற்பது நிமிடம் ஆனபோது அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இறக்கிவிட்டு உடனே மறைந்த கார். குறைக்காமல் ஒத்துக்கொண்ட விலை. பிணையாக உட்கார வைத்துவிட்டுப் போன, யாரையும் தெரியாத ஒரு கிழவர். எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கலாம். பொலிஸுக்குப் போனால் முதல் கேள்வியே வண்டியின் பதிவுப் புத்தகம் எங்கே என்பதாகத்தான் இருக்கும். தாங்குசுவரும் போச்சு, வீடும் போச்சு என்று நினைத்து, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஹாஜியாரின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. அவர் அதை எடுக்காமல் பயந்து பார்த்தார். திரையில் மஸீனா என்று இருந்தது. கஜலட்சுமி எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹில்மி, வாப்பாக்கு மூணு மணி மருந்து குடுத்தீங்களா?"

"நான் கஜலட்சுமி பேசுறேங்க. மோட்டார் சைக்கிள் விக்கிற வீடு."

"அவரு எங்க?"

"ஓட்டிப் பாக்கப் போயிருக்காரு."

"ஓட்ட மாட்டேன், பாத்துட்டு மட்டும் வாறேன்னு செல்லிட்டுத்தானே போன. எவ்வளவு நேரம்?"

"இப்பத்தான். வந்துருவாருங்க."

போனை வைத்தபோது ஒரு மூச்சளவு நிம்மதி வந்தது. கள்ளன் இல்லை, மனைவி இருக்கிறாள், மருந்து இருக்கிறது, எல்லாம் நிஜம். அடுத்த மூச்சில் அது போய்விட்டது. கள்ளன் இல்லையென்றால் ஏன் வரவில்லை? குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். சூடேறினால் வழுக்கும். திகன தாண்டினால் இறக்கம்.

கணவரை இழந்தபோதும், மண் சரிந்தபோதும் இல்லாத ஒரு பயம் அது. அவற்றில் அவள் செய்தது எதுவும் இல்லை. இதில் இருந்தது.

பக்கத்து வீட்டு ஜயசிரி த்ரீவீலர் ஓட்டுபவர். செம்பருத்தி வேலிக்காரரும் அவர்தான். ஓடிப்போய்ச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து வண்டியை எடுத்தார். ஹாஜியாரை விட்டுப் போக முடியாது. அவரைக் கையைப் பிடித்து ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பல்லேகலையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்திக் கேட்டார்கள். ஒரு விமானம் போன மாதிரிப் போனது, மூன்று மணி இருக்கும் என்றான் கடைக்காரன். திரும்பி வந்ததா என்றால் இல்லை என்றான்.

திகன தாண்டி, ஒரு வளைவில் வாகனங்கள் வரிசையாக நின்றன. ஆட்கள் கூட்டமாக ஓடினார்கள். தூறல் போட்டிருந்தது. தார் ரோட்டில் சிவப்பாக எதுவோ பரவிக் கிடப்பதை கஜலட்சுமி கண்டாள். ஜயசிரி இறங்கிப் போனார். அவளால் இறங்க முடியவில்லை. ஹாஜியாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலித்திருக்க வேண்டும், அவர் கையை இழுக்கவில்லை. "முருகா, முருகா" என்று அவள் உதடு அசைய, அவரும் தன் பாட்டில் எதையோ ஓதத் தொடங்கினார்.

ஜயசிரி திரும்பி வந்து இல்லை என்று தலையை ஆட்டினார். செவ்விளநீர் ஏற்றி வந்த லொறி ஒன்று சாய்ந்திருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ரோட்டில் கிடந்தது செவ்விளநீர்க் குலைகள்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அப்படியே உட்கார்ந்துவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள்.

லொறியைக் கடந்து இரண்டு கிலோமீற்றர் போனதும், வீதியோரம் சோளம் அவித்து விற்கும் பெண் ஒருத்தி கையைக் காட்டினாள். சத்தம் கீழே போனது, பிறகு அப்படியே நின்றுவிட்டது, தூரப் போய் மங்கவில்லை, வெட்டின மாதிரி நின்றது என்றாள். போய்ப் பார்க்கவில்லையா என்று ஜயசிரி கேட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன் என்றாள் அவள்.

மூன்றாவது வளைவில் வீதியோரக் கல்கம்பம் ஒன்று சாய்ந்திருந்தது. அதற்கப்பால் உயர்ந்து வளர்ந்த மானாப்புல் ஒரு பாதை போல மடிந்து கிடந்தது. ஆமணக்கெண்ணெய் கருகின மணம் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. அந்த வண்டிக்கு அந்த எண்ணெய்தான் ஊற்றுவது.

"ஹில்மி!" என்று கத்தினாள். குரல் வரவில்லை. மறுபடி கத்தினாள்.

கீழே, சீமைக்கிளுவை மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெயரா, முனகலா என்று தெரியவில்லை.

ஜயசிரி புல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவளும் இறங்கப் பார்த்தாள். ஆனால் ஹாஜியார் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார். இருட்டிக்கொண்டு வந்தது அவரைப் பயமுறுத்தியிருந்தது. "என்ன உட்டுட்டுப் போகாத மகள்" என்று அழுதார். கீழே கிடப்பது தன் மகன் என்பது அவருக்குத் தெரியாது. அவரைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்று, கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவள் காத்திருந்த அந்தப் பத்து நிமிடம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமானது என்று பிறகு சொன்னாள்.

வண்டி அவன் வலது காலின் மேல் கிடந்தது. பெற்றோல் சொட்டிச் சட்டை நனைந்திருந்தது. நல்ல வேளை, நெருப்புப் பிடிக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலமாகக் கத்திக் குரல் போயிருந்தது. மேலே போன வாகனங்கள் எதற்கும் கேட்கவில்லை. ஜயசிரி போய்க் கூட்டி வந்த சோளக்காரியும் லொறிக்காரர்களும் சேர்ந்து அவனைத் தூக்கி மேலே ஏற்றினார்கள்.

கண்டி ஆஸ்பத்திரியில் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். மஸீனா வந்து சேர்ந்தாள். தள்ளுவண்டியில் கிடந்த ஹில்மி, பெயர் எழுத வந்த பொலிஸ்காரரிடமும் அவளிடமும் ஒரே கதையைத்தான் சொன்னான்.

"என்ட பிழைதான். வளைவு வந்ததும் பதறிட்டேன். பிரேக்குன்னு நெனச்சு கியர அமத்தினேன். அக்கா செல்லிக் குடுத்த, எனக்குத்தான் கால் மாறிப் போச்சு." பிறகு கஜலட்சுமியைத் தேடிப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "வண்டி எனக்குத்தான் அக்கா. வேற யாருக்கும் குடுக்க வாணாம். கால் சரியாகட்டும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இனி யாரும் அவளை எதுவும் கேட்கப்போவதில்லை. ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போகலாம். வண்டியும் விலைப்படும், சுவரும் எழும்பும். தாழ்வாரத்தில் ஹாஜியாருக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்த மஸீனாவிடம் போய் நின்றாள்.

"மஸீனா, அவரு கால் மாறினதா இருக்கலாம். ஆனா முன் பிரேக் சரியில்ல. சூடானா பிடிக்காது. எனக்குத் தெரியும். அவரு கேட்டாரு. நான் சொல்லல."

மஸீனா தண்ணீர்ப் போத்தலை மெதுவாக மூடினாள்.

"தெரிஞ்சா உட்டீங்க?"

"ஆமா."

"அவரு கேட்டும்?"

"ஆமா."

"அப்ப ஏன் இப்ப செல்றீங்க? அவரு தன்ட பிழைன்னு செல்லிட்டாரே."

"அவரு திரும்ப அதுலதான் ஏறுவேங்கிறாரு. அதே பிரேக்கோட."

மஸீனா ஹாஜியாரைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கஜலட்சுமி ஜயசிரியின் த்ரீவீலரில் வீடு திரும்பினாள். அன்று கேட்டைப் பூட்டவே மறந்துபோனாள்.

மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை. பொலிஸ் வரும், வழக்கு வரும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். மாநகர சபையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எழுந்து நின்றாள். பள்ளத்திலிருந்து மீட்ட வண்டியை ஜயசிரி கராஜில் கொண்டுவந்து போட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை அவள் முன் சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் டிரம்மைத் திறந்தபோது லைனிங் இரண்டும் கிறீஸில் ஊறிக் கண்ணாடி போல மினுங்கின. விரலை வைத்தாள், வழுக்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சீமெந்துத் தரையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் வாரம் ஹில்மியே பேசினான். "மஸீனா செல்லிட்டா அக்கா" என்றான். பிறகு அவன் கேட்டான்: "லைனிங் எடுப்பிச்சா உங்களுக்குப் போடத் தெரியுமா?"

"அவரு போடுறப்ப நான்தான் பிடிச்சிருந்தேன்" என்றாள்.

லைனிங்கும், ஹப்பில் கிறீஸ் கசியாமல் தடுக்கும் சீலும் இங்கிலாந்திலிருந்து வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. முன் சக்கரத்தைத் தாங்கும், வளைந்துபோன ஃபோர்க்கைப் பல்கலைக்கழகப் பட்டறையில் பொன்னுத்துரையின் பழைய சகாக்கள் நிமிர்த்திக் கொடுத்தார்கள். பேசிய விலையில் அவள் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டாள்; ஹில்மி மறுத்தான், மஸீனா மறுக்கவில்லை. பதிவில்லாத வண்டியை ரோட்டில் ஓட்டியதற்கு நீதிமன்றம் அவனுக்குத் தண்டம் விதித்தது. மே மாதம், அவன் கொடுத்த முற்பணத்தில் பின்மேட்டில் தாங்குசுவர் பாதி எழும்பியிருந்தபோது அவர்கள் சின்ன லொறியோடு வந்தார்கள். ஹில்மி ஊன்றுகோலில் நின்றான். ஹாஜியார் லொறியின் முன் இருக்கையை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

வண்டியை ஏற்றப் போகும்போது மஸீனா முன்னால் வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குப் பிறகு அவள் கஜலட்சுமியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பிரேக் சரின்னு அவரு செல்றத நான் நம்ப மாட்டேன். எனக்குக் காட்டுங்க."

கஜலட்சுமி முன் சக்கரத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மஸீனாவும் அபாயாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இது கேபிள். இங்கதான் இறுக்கணும். பிடி இவ்வளவுக்கு மேல உள்ள போனா உடனே நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டு இறக்கம் இறங்கினா டிரம்மைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத அளவு சுட்டா, ஆற விட்டுத்தான் திரும்ப எடுக்கணும்."

"தொட்டா தெரியுமா?"

"தெரியும். கிறீஸ் கசிஞ்சா இந்த ஓரத்துல கறுப்பா ஈரம் தெரியும். அது தெரிஞ்சா, அவரு என்ன சொன்னாலும் சாவியைக்..." என்று தொடங்கி, இந்த வண்டிக்குச் சாவியே கிடையாது என்று ஞாபகம் வந்து நிறுத்தினாள்.

"அப்ப என்ன செய்ற?" என்று மஸீனா கேட்டாள்.

கஜலட்சுமி ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, "இது இல்லாட்டி எஞ்சின் கிளம்பாது" என்று அவள் உள்ளங்கையில் வைத்தாள். மஸீனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கணவனிடம் கொடுக்காமல் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.